இரகசியம் பேசத் தெரியாத தலைவர்

மெட்டை நிறுத்திவிட்டுத்தான் யோகலிங்கம் கேள்வி கேட்பார். அதுவரை, வெதுப்பகத்துப் பாணும் பணிஸும் விற்கும் அவருடைய ஓட்டோவின் கூரையில் இருக்கும் ஒலிபெருக்கி ஒரே மெட்டை விடாமல் இசைத்துக்கொண்டு வரும். ஒழுங்கை முனையில் வண்டி நிற்கும், மெட்டு நிற்கும். பின்னாலுள்ள கண்ணாடிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னர் அவர் தலையை வெளியே நீட்டி, வாசலில் நிற்கும் பிள்ளையை மேலும் கீழும் பார்ப்பார்.

“என்ன மகன், இண்டைக்குப் பள்ளிக்கூடம் லீவோ?”

“காய்ச்சல், மாமா.”

“காய்ச்சல்காரனுக்கு மீன் பணிஸ் கேக்குதோ? இந்தா, சாதாப் பணிஸ் கொண்டு போ. கொத்தமல்லி அவிச்சுத் தரச்சொல்லி அம்மாட்டச் சொல்லு. நாளைக்கும் நிண்டியெண்டா நான் உள்ளுக்கு வந்து நெத்தியைத் தொட்டுப் பாப்பன்.”

மறுநாள் அந்தப் பையன் அங்கே நிற்கமாட்டான்.

இறக்கக்கண்டியில் நான் குடியிருக்கும் வீதிக்கு இந்த வண்டி காலையில் இரண்டு முறை வருகிறது. ஆறு மணிக்கு வருவது பாணுக்காக. பள்ளிக்கூட மணி அடித்து அரை மணித்தியாலம் கழித்து வருவது, வீட்டில் எந்தப் பிள்ளை நிற்கிறது என்று பார்ப்பதற்காக. இரண்டாம் சுற்றில் வியாபாரம் பெரிதாக இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். “எட்டரை மணிக்கு ஆர் பாண் வாங்குவினம்? காலமைச் சாப்பாடு முடிஞ்சுது, பத்து மணித் தேத்தண்ணிக்கு நேரம் கிடக்கு. ஆனா அந்த நேரத்திலதான் ஊர் உள்ளபடி தெரியும்.”

வயது ஐம்பத்திரண்டு. கட்டையான, உருண்ட மனிதர். மீசைக்கு மட்டும் சாயம் பூசுகிறார், தலைக்குப் பூசுவதில்லை. “தொப்பி போடுறனான். தலை ஆருக்குத் தெரியும்?” பதினாலு வருடமாகப் பாண் விற்கிறார், பாண் சாப்பிடுவதில்லை. காலைச் சாப்பாடு மனைவி கேழ்வரகு மாவில் அவித்துக் கொடுக்கும் குரக்கன் பிட்டு. அதை ஆசனத்துக்குக் கீழே ஒரு கோப்பையில் வைத்துக்கொண்டு, சுற்று முடிந்ததும் கடற்கரையோரம் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவார். வழியில் துரத்தும் நாய்களுக்கெல்லாம் அவர் வைத்த பெயர் உண்டு. பள்ளிவாசல் வளைவில் படுத்திருக்கும் செம்புள்ளி நாயின் பெயர் இன்ஸ்பெக்டர். ஓடும் வண்டியை அது கவனிப்பதே இல்லை. நிறுத்தினால்தான் எழுந்து வந்து சுற்றிப் பார்க்குமாம்.

இந்த மனிதர்தான் எங்கள் பகுதியின் சிறுவர், குடும்ப நலன் குழுவுக்குத் தலைவர். சம்பளமில்லாத பதவி. ஆறு வருடத்துக்கு முன்னர் முன்பள்ளிக் கட்டடத்தில் அதற்கான தெரிவு நடந்தபோது அவர் கூட்டத்திலேயே இருக்கவில்லை. தேநீருக்குச் சொல்லியிருந்த நாற்பது பணிஸோடு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே தலைவர் பதவிக்கு ஒருவரும் கையுயர்த்தவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “எல்லா வீட்டுக்கும் நாளாந்தம் போறவர் பாண்காரர்தானே, அவரைப் போடுங்கோவன்” என்றார். சிரித்தவர்களில் ஒருவர் ஆமோதித்துவிட்டார். பணிஸ் தட்டோடு உள்ளே வந்தவரைக் கைதட்டி வரவேற்றபோது, பணிஸுக்குத்தான் இந்த வரவேற்பு என்று அவர் நினைத்தாராம்.

அவருடைய அலுவலகக் கோவை, கேக் பெட்டிகளின் மூடிகள். பள்ளிக்கு வராத பிள்ளை, நாள், சொன்ன காரணம், எல்லாவற்றையும் பென்சிலால் மூடியின் உட்புறத்தில் எழுதுவார். குழுவின் செயலாளரான முன்பள்ளி ஆசிரியை ஷிஃபானா, வாரத்துக்கு ஒருமுறை அந்த மூடிகளை வாங்கி, குழுவின் பதிவேட்டில் ஒழுங்காக எழுதிவிட்டு மூடிகளை எரித்துவிடுவார். முப்பது வயதுதான், ஆனால் தலைவரை அதட்டும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு.

அதட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. யோகலிங்கத்துக்கு இரகசியம் பேசத் தெரியாது. மனதில் கள்ளமில்லை, குறை காதில்தான். ஒலிபெருக்கிக்குக் கீழே பதினாலு வருடம் இருந்ததில் அவருடைய செவிப்புலன் பாதியாகிவிட்டது. அதனால் தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. மெதுவாகப் பேச நினைக்கும்போது குனிவார், கையால் வாயை மறைப்பார், கண்ணைச் சுருக்குவார். இரகசியம் பேசுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்வார். சத்தத்தை மட்டும் குறைக்கமாட்டார். குடும்ப விடயங்களைக் கையாளும் குழுவுக்கு இப்படியொரு தலைவர் வாய்த்தால் செயலாளர் என்ன செய்வார்? “தலைவரே, முக்கியமான கதை எண்டா கடற்கரைக்கு வாங்க. அங்க கதைப்பம். காத்துக்குத்தான் உங்கட சத்தத்த அமத்த ஏலும்” என்று ஷிஃபானா ஒரு விதியே செய்து வைத்திருந்தார்.

இந்த வருடம் மே மாதம் தலைவர் அந்த விதியை மறந்துபோனார். அதனால் நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். சம்பந்தப்பட்ட வீட்டாரின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். தர்சிகா என்ற பெயர் அந்த வீட்டுப் பெண்பிள்ளையே தெரிவுசெய்து தந்தது. யோகலிங்கம் தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றார். “பாண் எண்டு எழுதினவுடனே ஊருக்கு விளங்கிடும். பேந்து பேரை மாத்தி என்ன?”

அறுபத்தைந்து வீட்டுத்திட்டத்தின் கடைசி ஒழுங்கையில் கடைசிக்கு முதல் வீடு இராகுலனுடையது. வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். அதிகாலை மூன்று மணிக்குப் போனால் ஒன்பது மணிக்குத்தான் கரைக்கு வருவார். மனைவி ஜெயரூபி பெப்ரவரி மாதம் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று வந்து நின்ற அவருடைய தங்கைக்குக் கொழும்பில் தையல் தொழிற்சாலை வேலை கிடைத்தது. ஏப்ரல் மாதம் அவரும் போய்விட்டார். மிஞ்சியது பதின்மூன்று வயதுத் தர்சிகாவும் இரண்டு வயதுத் தம்பியும்.

இரண்டாம் சுற்றில் தர்சிகா இடுப்பில் தம்பியோடு வந்து நின்ற முதல் நாள், காய்ச்சல் என்றாள். அடுத்த நாள், ஆசிரியர்களுக்குக் கூட்டம் என்றாள். மூன்றாம் நாள், சீருடை காயவில்லை. யோகலிங்கம் மூன்றையும் மூடியில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரமும் நாளுக்கொரு காரணம் வந்தது. பிறகு வந்தது அந்த இரண்டாம் வாரத்து வெள்ளிக்கிழமை. பின்னேரச் சுற்றில், மூன்றரை மணிக்கு அந்த ஒழுங்கையில் திரும்பியவர் திகைத்துப்போனார். தர்சிகா வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னலோடு வாசலில் நின்றாள்.

“காலமை நீ வீட்டுச் சட்டையோட தம்பியைத் தூக்கிக்கொண்டு நிண்டனி. இப்ப என்ன, பின்னேரப் பள்ளிக்கூடமோ?”

அவர் சீருடையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஆறு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்த பிள்ளையின் சட்டை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அழுத்திய மடிப்புக் கலையாத சட்டை.

“அம்மா மூண்டு மணிக்கு வீடியோ கோல் எடுக்கிறவ,” என்றாள் தர்சிகா கடைசியில். “வெள்ளிக்கிழமைதான் அவக்கு நேரம். பள்ளிக்கூடத்தால வந்த மாதிரி நிக்கிறனான். தெரிஞ்சா அம்மா அழுதுகொண்டு வந்திடுவா, மாமா. வந்தா வீட்டு வேலை பாதியில நிண்டிடும்.” வீடு உண்மையிலேயே பாதியில்தான் நின்றது. கூரை போட்டிருந்தது, ஒரு பக்கச் சுவர் இன்னும் தகரம்.

“எட்டாம் ஆண்டுதானே? என்ன பாடம் விருப்பம்?”

“விஞ்ஞானம்.”

அன்று மூடியில் அவர் எழுதிய ஒரே சொல் அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணியளவில், இராகுலன் தொழிலிலிருந்து வந்து வாசலில் வலை பிரித்துக்கொண்டிருக்கும்போது யோகலிங்கம் போய் நின்றார். நல்ல நோக்கம். மிக மெதுவாக, மிக இரகசியமாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். குனிந்தார். வாயைக் கையால் மறைத்தார்.

“தம்பி, உன்ர மகள் ரெண்டு கிழமையாப் பள்ளிக்கூடம் போகேல்லை. தாய்க்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்குது. குழுவுக்கு எல்லாம் தெரியும்.”

ஒழுங்கையின் மறுமுனையில் மா இடித்துக்கொண்டிருந்தவர்கள் உலக்கையை நிறுத்திவிட்டார்கள்.

இராகுலன் எழுந்து நின்றார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். “அண்ணை, பாண் விக்க வந்தா பாணை வித்திட்டுப் போங்கோ. என்ர வீட்டுக் கதையை ஒழுங்கைக்கு வாசிக்க வேண்டாம்.” மகள் அதற்குச் சற்றுமுன் வாங்கி வைத்திருந்த அரை றாத்தல் பாணை உள்ளேயிருந்து எடுத்துவந்து வண்டியின் ஆசனத்தில் வைத்துவிட்டு, வாசல் படலையைச் சாத்தினார்.

அந்த ஒழுங்கையில் இராகுலனின் உறவினர் வீடுகள் ஆறு. அடுத்த நாளிலிருந்து ஆறு வீடுகளும் பாண் வாங்குவதை நிறுத்தின. அதை யோகலிங்கம் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது, தர்சிகா வாசலுக்கு வருவதை நிறுத்தியதுதான். மெட்டுக் கேட்டால் உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அரைச் செவிடான அவருக்கே கேட்டதாம்.

செவ்வாய்க்கிழமை, சிறுவர் உரிமை உத்தியோகத்தர் சிவகுருநாதன் தொலைபேசியில் அழைத்தார். பண்பான மனிதர், எதையும் இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார். சிறுவர் உதவித் தொலைபேசிச் சேவைக்கு யாரோ அழைத்து, ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் விடியப்புறத்தில் பெரியவர் துணையின்றி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முறைப்பாடு இப்போது அவருடைய மேசையில்.

“தலைவர், தாய் வெளிநாட்டில. தகப்பன் கடலில. பொறுப்பா ஒரு பெரிய ஆள் இல்லையெண்டா, தாய் வரும்வரைக்கும் பிள்ளையளைச் சிறுவர் இல்லத்தில விடச்சொல்லித்தான் நான் எழுத வேண்டி வரும். பொம்பிளைப் பிள்ளை ஒரு இடம், சின்னவன் வேற இடம். எனக்கும் விருப்பமில்லை. ஆனா நாளைக்கு அந்த வீட்டில ஒண்டு நடந்தா ஆர் பதில் சொல்லுறது? வாற திங்கள்வரைக்கும் பொறுக்கிறன். ஒரு வழி காட்டுங்கோ.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் யோகலிங்கத்தை அதிகமாக வருத்தியது. அன்று அவருடைய குரக்கன் பிட்டு கோப்பையிலேயே கிடந்தது. கடற்கரையில் ஷிஃபானாவிடம் அவர் அதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பத்து வயதில், தாயும் தகப்பனும் இல்லாமற்போன பிறகு, அவரும் தங்கையும் இல்லங்களில் வளர்ந்தவர்கள். அவர் ஒன்றில், தங்கை இன்னொன்றில்.

“குறை சொல்லக்கூடாது, ரீச்சர். சோறு தந்தவை, படிப்பிச்சவை. ஆனா தங்கச்சியை மாசத்தில ஒருக்காத்தான் காட்டுவினம். ஒவ்வொரு முறையும் அவள் கொஞ்சம் வளந்திருப்பாள். எனக்குக் கோவம் வரும், என்னைக் கேளாமல் ஏன் வளந்தனி எண்டு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தங்கை இப்போது வவுனியாவில் மூன்று பிள்ளைகளின் தாய். நாள்தோறும் பின்னேரம் ஆறு மணிக்கு அண்ணனுக்கு அழைப்பார். அண்ணன் பேசுவதைக் கேட்க அவருக்குத் தொலைபேசியே தேவையில்லை என்று இங்குள்ளவர்கள் பகிடி செய்வார்கள்.

“சரி, இப்ப என்ன செய்யிறது?” என்று கேட்டார் ஷிஃபானா.

“முதல்ல மன்னிப்புக் கேக்கவேணும்.”

“வீட்டுக்குப் போனா அவர் படலை திறக்கமாட்டாரே.”

“வீட்டில கேட்டு என்ன பிரயோசனம்? நான் அவமானப்படுத்தினது முழு ஒழுங்கைக்கும் கேட்டது.”

புதன்கிழமை பாண் வண்டி வரவில்லை. பதினாலு வருடத்தில் புயல் நாட்களைத் தவிர வண்டி வராத முதல் காலை அது. ஊரில் சிலர் அவருக்கு மாரடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அவர் கூட்ட நாட்களில் மட்டும் போடும் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு, கரையில் நின்றுகொண்டிருந்தார். கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு இராகுலனின் வள்ளம் வந்தது. கரையில் மீன் எடுக்க வந்தவர்கள், வலைக்காரர்கள், ஐஸ் பெட்டிக்காரர்கள் என்று நாற்பது பேருக்குக் குறையாது. யோகலிங்கம் இந்த முறை குனியவில்லை, வாயை மறைக்கவில்லை.

“இராகுலன் தம்பி! நான் உங்கட வீட்டுக் கதையைச் சந்தியில போட்டிட்டன். அது பெரிய பிழை. உங்கட மகள் கெட்டிக்காரி. தாயின்ர மனம் நோகக்கூடாதெண்டு அவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். தகப்பன் நீங்கள் விடியமுன்னம் கடலுக்குப் போறதும் அந்தப் பிள்ளையளுக்காகத்தான். இதையும் எல்லாரும் கேளுங்கோ. பிழை என்ரை!”

காற்று அவருடைய சத்தத்தை அமத்தவில்லை. அமத்தும் என்று ஷிஃபானா நம்பியது தவறு என்று அன்றுதான் தெரிந்தது.

இராகுலன் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். பிறகு அவர், “அண்ணை, உந்த வெள்ளைச் சட்டையோட தண்ணிக்க இறங்காதேங்கோ” என்றார். யோகலிங்கம் அதற்குள் முழங்காலளவு தண்ணீரில் இறங்கியிருந்தார். மற்றவர்களோடு சேர்ந்து வள்ளத்தைக் கரைக்கு இழுத்தார். சட்டை நாசமாகியது. இராகுலன் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையத் தண்ணீர் மொண்டு அவருடைய கையைக் கழுவக் கொடுத்தார். மன்னிப்புக்கு அவருடைய பதில் அதுதான்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அந்தப் படலை திறந்தது. முற்றத்தில் கதிரை போட்டு இராகுலன், யோகலிங்கம், ஷிஃபானா மூவரும் இருந்தார்கள். தர்சிகா குசினி வாசலில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். விடியப்புறம் மூன்றிலிருந்து ஒன்பதுவரை யார்? இதுதான் கேள்வி. உறவினர் ஆறு வீடுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தை; ஒரு வீட்டில் நோயாளி; மற்றவற்றில் ஆணும் பெண்ணுமாகக் கரைவலைக்குப் போகிறவர்கள். முன்பள்ளிக்கு எடுக்க இரண்டு வயது போதாது. இராகுலன், தொழிலை விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். கேட்கும்போதே அவருடைய முகம் இறுகியது.

அப்போது பக்கத்து வேலிக்கு அப்பாலிருந்து ஸுல்பிகா வந்தார். குறிஞ்சாக்கேணியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இறந்து ஒன்பது வருடம். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். கையில் இன்னும் ஈர மா. வந்தவர் இருக்கவில்லை.

“கோல் எடுத்தது நான்தான்” என்றார். “பிள்ள வீட்டுல நிக்கிறதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்த. இராகுலன்ட கேட்டாக் கோவம் வரும் எண்டு பயம். கோல் எடுத்தா, ஆரும் வந்து ரெண்டு சத்தம் போட்டுட்டுப் போவாங்க எண்டு நெனச்ச. பிள்ளைகளப் பிரிச்சுக் கொண்டுபோவாங்க எண்டு அல்லாவாண நெனைக்கல்ல. நேத்துக் கேள்விப்பட்டதுல இருந்து எனக்கு மாக் குழைக்கவும் மனம் வரல்ல.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. இராகுலன் தலை குனிந்துகொண்டார். யோகலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; ஷிஃபானா அவருடைய முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

“நான் மூணு மணிக்கு அடுப்பு மூட்டுறவள்” என்று தொடர்ந்தார் ஸுல்பிகா. “இராகுலன் போகக்குள்ள பிள்ளைகள் ரெண்டும் எங்கட வீட்டுக்கு வரட்டும். உள் அறைல படுக்கட்டும். விடிஞ்சதும் மகள் பள்ளிக்கூடம் போகட்டும். நீ வாற மட்டும் சின்னவன் என்னோட இரிக்கட்டும். நான் ஒண்டும் புதுசாச் செய்யப்போறல்ல. எப்புடியும் முழிச்சிருக்கிற பொம்புள.”

இராகுலன் தலையை நிமிர்த்தி, “உங்களுக்கு வேலைக்கிடையில ஏலுமோ, றாத்தா?” என்றார்.

“ஏலாட்டி வேலி தாண்டி வந்திருப்பனா?”

இதற்கிடையில் சின்னவன் தமக்கையின் மடியிலிருந்து இறங்கிப்போய், ஸுல்பிகாவின் விரலில் ஒட்டியிருந்த மாவை நக்கத் தொடங்கியிருந்தான். வழக்கின் மிக இளைய தரப்பு தன் சம்மதத்தைத் தெரிவித்துவிட்டதாக ஷிஃபானா பதிவேட்டில் எழுதாமல் விட்டதுதான் ஆச்சரியம்.

மிஞ்சியது தாய். அந்த வாரம் வெள்ளி மூன்று மணிக்கு அழைப்பு வந்தபோது தர்சிகா வீட்டுச் சட்டையோடு இருந்தாள். எல்லாவற்றையும் அவளே சொன்னாள். குவைத்தில் ஒரு சமையலறை மூலையில் நின்ற ஜெயரூபி முதலில் அழுதார். பிறகு கணவனைத் திட்டினார். பிறகு மகளைத் திட்டினார். பிறகு யோகலிங்கத்தைக் கூப்பிடச் சொன்னார்.

“அண்ணை, எனக்கேன் ஒருதரும் சொல்லேல்லை? நான் இஞ்ச அவள் போட்டு நிண்ட சட்டையைப் பாத்துப் பாத்துத்தான் கிழமையை ஓட்டினனான்.”

யோகலிங்கம் தொலைபேசியைப் பக்கத்தில் நின்ற ஸுல்பிகாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, “அழாத தங்கச்சி. ஒண்ட மகன் இண்டைக்கு எங்கட வீட்டுல ஆறு இடியப்பம் திண்டவன்” என்றார். ஜெயரூபி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “ஆறோ?” என்று கேட்டார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பொறுப்பாளராக ஸுல்பிகா இருப்பதற்குத் தன் சம்மதத்தைக் குரல் பதிவாக அனுப்பினார்.

திங்கட்கிழமை சிவகுருநாதன் நேரில் வந்தார். ஸுல்பிகாவின் உள் அறையைப் பார்த்தார்; கதவின் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டுத் திறந்தார்; அடுப்புக்கும் படுக்கைக்கும் எத்தனை அடி தூரம் என்று கேட்டார். இராகுலன், ஸுல்பிகா, குழு ஆகிய மூன்று தரப்பும் கையொப்பமிட்ட கடிதத்தை அவருடைய வழக்கப்படி இரண்டு முறை வாசித்தார். கடைசியில், பெரியவர்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தர்சிகாவிடம் தனியே பேசினார். அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்தவர், “மூண்டு மாசத்துக்கு இப்பிடியே இருக்கட்டும். மாசத்தில ரெண்டு தரம் நான் வருவன். சொல்லிக்கொண்டு வரமாட்டன்” என்றார். படலை வரை போனவர் திரும்பி வந்து, “எனக்கும் ஒரு பத்து இடியப்பம் கட்டித் தர ஏலுமோ?” என்று ஸுல்பிகாவிடம் கேட்டார்.

செவ்வாய் காலை தர்சிகா பள்ளிக்கூடம் போனாள். ஆறு வீடுகளும் மீண்டும் பாண் வாங்கத் தொடங்கின. இராகுலனே முதல் ஆளாக வந்து வாங்கினார்.

யோகலிங்கம் இந்தக் கதையைச் சொல்லும்போது தன் பங்கை அதிகம் சொல்வதில்லை. நனைந்த சட்டையைப் பற்றித்தான் அதிகம் சொல்வார். உப்புக்கறை போகவில்லை என்பார். ஷிஃபானா இப்போது அவருக்கு ஒரு சிறு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டு விடயம் எதையும் வாய்திறந்து சொல்லக்கூடாது. கொப்பியில் எழுதிக் காட்ட வேண்டும். அவர் எழுதிக் காட்டுகிறார். எழுதும்போதே எழுத்துக்கூட்டி வாசித்தும் விடுகிறார்.

போன வாரம் இரண்டாம் சுற்றில் நானும் வண்டியின் பின்பக்கம், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பாண் வாசத்துக்கு நடுவே, முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு மணித்தியாலம். அன்று வீட்டில் நின்ற பிள்ளைகள் இரண்டு பேர்தான். ஒருத்திக்கு உண்மையாகவே அம்மை. மற்றவன் வண்டியைக் கண்டதும் பின்வேலியால் பாய்ந்து பள்ளிக்கூடத் திசையிலேயே ஓடினான். “அது நல்ல ஓட்டம்” என்றார் யோகலிங்கம்.

பள்ளிக்கூடத்தின் பின்மதிலோரம் வந்ததும் வண்டியை நிறுத்தினார். அங்கே வீடு எதுவும் இல்லை. பாண் வாங்க ஒருவரும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “பின் டயருக்குக் காத்துக் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டு இறங்கினார். மதில் ஓரிடத்தில் இடிந்து, இடுப்பளவுக்குத்தான் இருந்தது. அதற்கு நேரே எட்டாம் வகுப்பின் யன்னல். உள்ளே ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பூவின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தார். இரண்டாம் வரிசையில், இரட்டைப் பின்னலோடு ஒரு தலை குனிந்து வரைந்துகொண்டிருந்தது.

யோகலிங்கம் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, கல்லுப் போல இறுகியிருந்த அந்த டயரை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறினார்.